சிட்டி பிசினஸ் சர்வீசஸுக்கு டிவிஷன் மேனேஜர் எடுக்கணுமா? மொதல்ல கவுன்ட்டர்ல போய் உக்காருங்க

நான் கலிஃபோர்னியால ஒரு நடுத்தர சைஸ் சிட்டியோட ஃபைனான்ஸ் டிபார்ட்மென்ட்ல ரொம்ப வருஷமா இருக்கேன், ஆள் எடுக்கற பேனல்ல நிறைய தடவ உக்காந்திருக்கேன், ரெண்டு தடவ நானே முழுப் பொறுப்பா நின்னு எடுத்திருக்கேன். போன மாசம் வேற சிட்டில வேலை பாக்கற ஒரு ஃப்ரெண்ட் போன் பண்ணி, "பிசினஸ் சர்வீசஸ் டிவிஷன் மேனேஜர் போஸ்ட் காலியாயிடுச்சு, என்னப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல"ன்னு கேட்டாங்க. ஒன்றரை மணி நேரம் பேசினோம். அதத்தான் இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா இந்த வேலைக்குத் தப்பான ஆள் வந்தா அடி வாங்கறது கவுன்ட்டர்ல நிக்கற ஊழியரும் பில் கட்ட வர்ற சாதாரண ஜனங்களும்தான்.

இந்த டிவிஷன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. இங்க பெரும்பாலான சிட்டிகள்ல ஜனங்க ஓட்டுப் போட்டு கவுன்சில எடுப்பாங்க, கவுன்சில் ஒரு சிட்டி மேனேஜர வேலைக்கு வைக்கும், அவருக்குக் கீழ டிபார்ட்மென்ட் டைரக்டருங்க, டைரக்டருக்குக் கீழ டிவிஷன் மேனேஜருங்க. பிசினஸ் சர்வீசஸ்ங்கற பேர்ல எது எது வரும்ங்கறது ஊருக்கு ஊர் மாறும், எங்க ஊர்ல பிசினஸ் லைசன்ஸ், தண்ணி பில்லிங், கேஷியர் கவுன்ட்டர், பர்ச்சேசிங், பாக்கி வசூல் எல்லாம் சேர்ந்து ஒரே டிவிஷன். சிட்டிக்குள்ள வர்ற பணத்துல பெரிய பங்கும், வெளிய போற பணத்துல பெரிய பங்கும் இந்த ஒரு டேபிளத் தாண்டித்தான் போகுது.

இப்ப வேலைக்கு வருவோம். போஸ்ட் காலியானதும் எல்லாரும் பண்றது என்னன்னா, ஹெச்ஆர்ல இருக்கற பழைய வேலை விவரத்த எடுத்து, தேதிய மாத்தி, அப்படியே ஏத்திடுவாங்க. தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. அது பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதினது, அதுல இருக்கற வேலையில பாதி இன்னிக்கு இல்ல, இன்னிக்கு இருக்கற தலைவலி எதுவும் அதுல இல்ல.

அதுக்கு பதிலா ஒரு முழு நாள் கவுன்ட்டருக்குப் பின்னாடி ஒரு சேர் போட்டு உக்காருங்க. கடைசியா நான் அப்படி உக்காந்த அன்னிக்குப் பாத்தத சொல்றேன். காலைல கதவு தொறந்ததும் டாக்கோ ட்ரக் (டாக்கோங்கற மெக்சிகன் சாப்பாடு விக்கற வண்டி) நடத்தற ஒரு அம்மா வந்தாங்க, கைல மடிச்சு மடிச்சு நைஞ்சு போன ஒரு லைசன்ஸ் ரினியூவல் நோட்டீஸ். லேட் ஃபீ போட்டிருக்கு, ஆனா அவங்க அட்ரஸ் மாத்தச் சொல்லி முன்னாடியே எழுதிக் கொடுத்திருக்காங்க, நோட்டீஸ் பழைய அட்ரஸுக்குப் போயிருக்கு. கவுன்ட்டர்ல இருந்த நம்ம ஊழியர் பொறுமையா கேட்டுட்டு, மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருந்த ஒரு மஞ்சள் ஸ்டிக்கி நோட்டப் பாத்து ஏதோ ஒரு கோட் நம்பர டைப் பண்ணி லேட் ஃபீய நீக்கினாங்க. என்ன அதுன்னு கேட்டா, சிஸ்டத்துல லேட் ஃபீய தள்ளுபடி பண்ண சரியான வழியே இல்லயாம், ரிட்டையர் ஆகிப் போன ஒருத்தர் சொல்லிக் கொடுத்த குறுக்கு வழியாம், எத்தன பேருக்கு இப்படித் தள்ளுபடி பண்ணியிருக்கோம்னு யாருக்கும் கணக்கு கிடையாதாம். அந்த மஞ்சள் பேப்பர் மேல எழுத்தெல்லாம் மங்கிப் போயிருந்துச்சு, மேல ஒரு டேப் ஒட்டியிருந்தாங்க. புதுசா வர்ற மேனேஜர் மொத வருஷம் என்ன பண்ணணும்ங்கறது எனக்கு அங்கதான் தெரிஞ்சது, எந்தக் கோப்புலயும் அது இல்ல.

அன்னிக்கு சாயங்காலமே ஒரு பக்கத்துக்கு மிகாம எழுதுங்க: மொத 12 மாசத்துல இந்த ஆள் முடிக்க வேண்டிய நாலு விஷயம் என்னன்னு. எங்களுக்கு வந்த நாலு, தள்ளுபடிக்கு ஒழுங்கான விதியும் பதிவும் கொண்டு வர்றது, கேஷியர் சாஃப்ட்வேர மாத்தறது, பர்ச்சேசிங் விதிகள திருத்தி கவுன்சிலுக்குக் கொண்டு போறது, கவுன்ட்டர்ல காலியா இருக்கற ரெண்டு இடத்த நிரப்பறது. டைரக்டர், ஹெச்ஆர், கவுன்ட்டர் சூப்பர்வைசர் மூணு பேரும் இந்தப் பக்கத்தப் படிச்சு ஆமான்னு சொன்ன அப்புறம்தான் விளம்பரத்துக்கே போகணும். இந்த ஒரு பக்கம்தான் பின்னாடி விளம்பரம், இன்டர்வியூ கேள்வி, ரெஃபரன்ஸ் போன், ஆறு மாச ரிவ்யூ எல்லாத்துக்கும் அடிப்படை.

தகுதி எழுதறப்போ கை கொஞ்சம் அடக்கமா இருக்கட்டும். மாஸ்டர்ஸ் டிகிரி கட்டாயம், முனிசிபல் அனுபவம் பத்து வருஷம் கட்டாயம்னு கௌரவத்துக்காக ஏத்திக்கிட்டே போனா நல்ல ஆளுங்க வாசல்லயே திரும்பிப் போயிடுவாங்க. அது மட்டும் இல்ல, சட்டச் சிக்கலும் இருக்கு. 1971ல கிரிக்ஸ் கேஸ்ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது, வேலைக்குச் சம்பந்தம் இல்லாத டிகிரியோ டெஸ்டோ வச்சு ஒரு பிரிவு ஜனங்க அதிகமா வடிகட்டப்பட்டா அது சட்டவிரோதம்னு, அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான, வேலையில பாகுபாடு கூடாதுங்கற சிவில் ரைட்ஸ் சட்டம் 1972லேருந்து சிட்டி கவர்மென்ட்டுக்கும் சேர்த்துத்தான். 1978ல வந்த ஃபெடரல் விதிகள்ல ஒரு எளிய கணக்கு இருக்கு, அஞ்சுல நாலு பங்கு கணக்குன்னு சொல்லுவாங்க. ஒரு பிரிவுல 40 பேர் அப்ளை பண்ணி 20 பேர் அடுத்த ரவுண்டுக்குப் போனா அது 50 சதவீதம், இன்னொரு பிரிவுல 20 பேர்ல 6 பேர்தான் போனா அது 30 சதவீதம், 30ஐ 50ஆல வகுத்தா 60 சதவீதம், 80க்குக் கீழ வந்துடுச்சு, அப்ப நம்ம வடிகட்டற முறையில ஏதோ கோளாறு இருக்கலாம்னு நின்னு பாக்கணும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஹெச்ஆர் இந்தக் கணக்கப் போடட்டும். அதே சமயம் கலிஃபோர்னியால 1996ல ஜனங்க ஓட்டுப் போட்டுக் கொண்டு வந்த ப்ராப்போசிஷன் 209ங்கற சட்டப்படி அரசு வேலையில இனமோ பாலினமோ பாத்து சலுகை கொடுக்கவும் முடியாது, அதனால விளம்பரத்த எவ்வளவு பேருக்குப் போய்ச் சேரணுமோ அவ்வளவு பேருக்குக் கொண்டு போங்க, மார்க் மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவுகோல்.

இன்னொரு சின்ன விஷயம், டிரைவிங் லைசன்ஸ் வேணும்னு பழக்கத்துல ஒரு வரி இருக்கும். 2025 ஜனவரி 1லேருந்து இங்க சட்டம் மாறிடுச்சு, வண்டி ஓட்டறது உண்மையிலேயே அந்த வேலையோட பகுதியா இருந்தாத்தான் அத விளம்பரத்துல கேக்கலாம், இந்த வேலைக்கு அது தேவப்படாது, எடுத்துடுங்க.

சம்பளம் பத்தி ஒளிவு மறைவு வேண்டாம். 2023 ஜனவரிலேருந்து எஸ்பி 1162ங்கற மாநிலச் சட்டப்படி 15 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்கற எந்த இடமும் சம்பள ரேஞ்ச விளம்பரத்துலயே போட்டாகணும். முன்னாடி வேலையில எவ்வளவு வாங்கினீங்கன்னு 2018லேருந்து கேக்கவே கூடாது, பழைய ஃபார்ம்ல அந்தக் கட்டம் இன்னும் இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க. எப்படியும் நம்ம சம்பளம் எல்லாம் பொதுத் தகவல்தான். 2010ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பெல்ங்கற சின்ன ஊர்ல சிட்டி மேனேஜர் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் சம்பளம் போட்டுக்கிட்டது வெளிய வந்து பெரிய ரகள ஆச்சு, அதுக்கப்புறம்தான் மாநில கன்ட்ரோலர் (மாநிலத்தோட கணக்கு அதிகாரி) எல்லா சிட்டி சம்பளத்தையும் வெப்சைட்ல போட ஆரம்பிச்சாங்க. கேண்டிடேட் அதப் பாத்துட்டுத்தான் வருவாங்க, முன்னாடி இருந்த மேனேஜருக்கு எவ்வளவு கொடுத்தோம்னு நமக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியும்.

அதவிட முக்கியம் பென்ஷன், இங்கதான் நிறைய பேர் கோட்ட விடறாங்க. கால்பெர்ஸ்ல, அதாவது கலிஃபோர்னியா அரசு ஊழியருங்களோட பென்ஷன் அமைப்புல, 2013 ஜனவரி 1க்கு முன்னாடியே சேந்தவங்க, நடுவுல ஆறு மாசத்துக்கு மேல இடைவெளி விடாம சிட்டி மாறினா பழைய ஃபார்முலாலயே தொடரலாம், புதுசா வர்றவங்களுக்கு 62 வயசுல 2 சதவீதம்ங்கற ஃபார்முலா, அதாவது 62 வயசுல ரிட்டையர் ஆனா வேலை பாத்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சம்பளத்துல 2 சதவீதம் பென்ஷன். பக்கத்து சிட்டிலேருந்து வர நெனைக்கற ஒருத்தருக்கு மொத கேள்வியே இதுவாத்தான் இருக்கும், அவங்க சம்பளத்துலேருந்து எத்தன சதவீதம் பிடிப்போம்ங்கறதையும் சேத்து ரெண்டு வகையும் விளம்பரத்துலயே எழுதிடுங்க. உங்க சிட்டி சோஷியல் செக்யூரிட்டில (நாடு முழுக்க இருக்கற ஃபெடரல் ஓய்வூதியத் திட்டம்) இல்லன்னா அதையும் மறைக்காம சொல்லணும், பிரைவேட் கம்பெனிலேருந்து வர்றவங்க பல பேர் "நான் இத்தன வருஷம் கட்டினது வெட்டுப்படுமா"ன்னு பயப்படுவாங்க, அந்த வெட்ட 2025 ஜனவரில சட்டம் போட்டே எடுத்துட்டாங்கன்னு எடுத்துச் சொல்லுங்க.

விளம்பரம் எங்க போடறதுங்கறதுக்கு பெருசா யோசிக்க வேண்டாம். கவர்மென்ட்ஜாப்ஸ், கால்ஆப்ஸ்ங்கற ரெண்டு அரசு வேலை விளம்பர சைட், அப்புறம் முனிசிபல் ஃபைனான்ஸ் ஆளுங்களோட மாநில சங்கம், பர்ச்சேசிங் ஆளுங்களோட சங்கம். ஆனா நல்ல ஆள் பெரும்பாலும் வேலை தேடிக்கிட்டு இருக்க மாட்டாங்க, ஏற்கனவே எங்கயோ நல்லா வேலை பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதனால டைரக்டரே ஒரு இருபது போன் பண்ணணும், ஹெச்ஆர் இமெயில் அனுப்பறதுல வராத ஆள் டைரக்டர் போன்ல வருவாங்க, இத நான் கண்ணால பாத்திருக்கேன். அப்ளிகேஷன நாலு வாரம் தொறந்து வைங்க. கூடவே மூணு கேள்வி எழுத்துல கேளுங்க, பத்து கேட்டா நல்லவங்க பாதியிலயே மூடிட்டுப் போயிடுவாங்க.

காலண்டர மொத நாளே போடுங்க. இதுல எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் இருக்கு, முன்னாடி நான் வேலை பாத்த ஒரு இடத்துல அருமையான ஒரு கேண்டிடேட்ட செலக்ட் பண்ணிட்டு, மூணு பேர் கையெழுத்துக்காக ஆஃபர் லெட்டர் அஞ்சு வாரம் டேபிள் டேபிளா சுத்துச்சு, அவங்க வேற சிட்டில சேந்துட்டாங்க. அதுலேருந்து நான் விளம்பரம் போடறதுக்கு முன்னாடியே பேனல் தேதி, ரெண்டாவது இன்டர்வியூ தேதி, சிட்டி மேனேஜர் கையெழுத்துப் போடற தேதி எல்லாத்தையும் எல்லாரோட காலண்டர்லயும் ஏத்திடுவேன். சீசனும் பாக்கணும், நம்ம நிதி வருஷம் ஜூலை 1லேருந்து ஜூன் 30, வசந்த காலம் முழுக்க பட்ஜெட், இலையுதிர் காலத்துல ஆடிட், எங்க ஊர்ல லைசன்ஸ் ரினியூவல் கூட்டம் டிசம்பர் ஜனவரில, புது ஆள் நல்லா மூச்சு விட்டுக் கத்துக்கணும்னா ஜூலை ஆகஸ்ட்ல வந்து சேர்ற மாதிரி திட்டம் போடுங்க. அதுவரைக்கும் இடம் காலியா கிடக்குதேன்னா ரிட்டையர் ஆன ஒருத்தர தற்காலிகமா வைக்கலாம், ஆனா கால்பெர்ஸ் விதிப்படி ஒரு நிதி வருஷத்துக்கு 960 மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது.

பேனல்ல நாலு பேர் போதும். வேற சிட்டிலேருந்து இதே மாதிரி வேலை பாக்கற ஒருத்தர், ஹெச்ஆர் ஒருத்தர், டைரக்டரோ டெபுட்டியோ ஒருத்தர், அப்புறம் நம்ம சிட்டிலயே பர்ச்சேசிங்கோட தினமும் மல்லுக்கு நிக்கற டிபார்ட்மென்ட்லேருந்து ஒருத்தர், பப்ளிக் வொர்க்ஸ் சூப்பர்வைசர் மாதிரி. கடைசியா சொன்னவரு கேக்கற கேள்விதான் பல சமயம் விஷயத்த வெளிய கொண்டு வரும். எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை, ஒவ்வொரு கேண்டிடேட் போனதும் யார்கிட்டயும் பேசாம அவங்கவங்க மார்க்க எழுதிடணும், அப்புறம்தான் பேச்சு. மொதல்ல பேச விட்டா குரல் பெருசா இருக்கறவரோட மார்க்தான் எல்லாருக்கும் வரும்.

நம்மாளுங்க பேனல்ல இருந்தா ஒண்ணு தனியா சொல்லணும். கல்யாணம் ஆச்சா, எத்தன குழந்தைங்க, சொந்த ஊர் எதுன்னு கேக்கறது நமக்கு பாசத்துல வர்ற பேச்சு, லிஃப்ட்ல கூட்டிட்டுப் போறப்போ வாய் தானா கேட்டுடும். இங்க அது கேக்கக் கூடாத கேள்வி. ரூமுக்கு வெளிய கேட்டாலும் கேட்டதுதான்.

இப்ப நான் ரொம்ப நம்பற பகுதி. வெறும் பேச்ச மட்டும் வச்சு ஆள எடுக்காதீங்க. ஒரு தடவ நாங்க அப்படித்தான் எடுத்தோம், அவ்வளவு அழகா பேசினாங்க, ஆறு மாசத்துல கவுன்ட்டர்லேருந்து ரெண்டு நல்ல ஊழியருங்க அழுதுக்கிட்டே வேலைய விட்டுட்டுப் போனாங்க, அந்த ரெண்டு பேர இன்னிக்கும் நெனச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு. அதுக்கப்புறம் எப்பவும் 45 நிமிஷ டெஸ்ட் ஒண்ணு வைக்கறேன். ஒரு தனி ரூம், ஒரு லேப்டாப், நாலு பேப்பர், தேவையான விதிகளையும் கூடவே கொடுத்துடுவோம், ஏன்னா மனப்பாடத்த சோதிக்கறது நம்ம வேலை இல்ல.

மொத பேப்பர், அந்த டாக்கோ ட்ரக் அம்மா கதை, பேர் ஊர் மாத்தி. ரெண்டாவது, ஒரு வயசானவர் வீட்டுத் தண்ணி பில் 45 நாள் பாக்கி, சூப்பர்வைசர் கனெக்ஷன வெட்டலாமான்னு கேட்டு எழுதியிருக்கார். மூணாவது, ஒரே வாரத்துல ஒரே வெண்டர்கிட்டேருந்து மூணு இன்வாய்ஸ், மூணும் டெண்டர் விடாம வாங்கற லிமிட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சம் கீழ. நாலாவது, ஒரு கவுன்சில் மெம்பர் கவுன்ட்டர் ஊழியருக்கு நேரா போன் பண்ணி, தெரிஞ்ச கடைக்காரருக்கு ஃபீய தள்ளுபடி பண்ணுங்கன்னு சொல்லியிருக்கார். நாலுக்கும் யாருக்கு என்ன எழுதுவீங்க, எத மொதல்ல எடுப்பீங்க, அவ்வளவுதான்.

விடைல நான் என்ன பாப்பேன்னா, தண்ணி பில்லுக்கு சட்டம் தெளிவா இருக்கு, எஸ்பி 998 படி வீட்டு கனெக்ஷன 60 நாள் பாக்கி ஆகறதுக்கு முன்னாடி வெட்ட முடியாது, வெட்டறதுக்குக் குறஞ்சது 7 வேலை நாள் முன்னாடி அவங்களத் தொடர்பு கொள்ளணும், தவணை கட்டற வழியையும் சொல்லணும். கொடுத்த பேப்பர்லயே இது இருக்கும். அதப் படிச்சுட்டு "கூடாது"ன்னு ஒரு வரி எழுதினா பாதி மார்க், அந்தப் பெரியவருக்கு போன் பண்ணச் சொல்லி, சூப்பர்வைசருக்கும் கோபப்படாம விளக்கி எழுதினா முழு மார்க். மூணு இன்வாய்ஸுக்கு உடனே திருட்டுன்னு குதிக்கறவங்களும் வேண்டாம், கண்ண மூடி கையெழுத்துப் போடறவங்களும் வேண்டாம், மொதல்ல டிபார்ட்மென்ட்ட கூப்பிட்டு ஏன் இப்படி மூணாச்சுன்னு கேக்கறவங்கதான் எனக்கு வேணும். கவுன்சில் மெம்பர் விஷயத்துல, ஊழியர முன்னால தள்ளாம தான் எடுத்துக்கிட்டு டைரக்டர் வழியா சிட்டி மேனேஜருக்குக் கொண்டு போறாங்களான்னு பாருங்க. நேர்ல எவ்வளவு தைரியமா பேசினாலும் இந்தப் பேப்பர்ல "ஊழியர் அவருக்குத் திருப்பி போன் பண்ணி முடியாதுன்னு சொல்லட்டும்"னு எழுதினவங்களுக்கு நான் மார்க் குறைச்சிருக்கேன், தயங்கவே இல்ல.

உள்ளேருந்து யாராவது அப்ளை பண்ணியிருந்தா அவங்களுக்கும் இதே டெஸ்ட், இதே நேரம். அந்த டிவிஷன் ஊழியருங்க, கடைசி ரவுண்டுக்கு வந்த ரெண்டு கேண்டிடேட்டோட அரை மணி நேரம் காபி குடிச்சுப் பேசட்டும், மார்க் போட வேண்டாம், என்ன தோணுச்சுன்னு மட்டும் எழுதிக் கொடுக்கட்டும்.

ரெஃபரன்ஸ் கேக்கறப்போ கேண்டிடேட்டோட பாஸ மட்டும் கேட்டுட்டு விட்டுடாதீங்க, அவங்ககிட்ட வேலை பாத்த ஒருத்தரோட நம்பரும் கேளுங்க. "எப்படிப்பட்டவங்க"ன்னு கேட்டா எல்லாரும் நல்லவங்கன்னுதான் சொல்லுவாங்க, "ஆடிட்ல தப்பு கண்டுபிடிச்சப்போ அந்த வாரம் என்ன பண்ணாங்க"ன்னு கேளுங்க, அப்ப கொஞ்சம் யோசிச்சு ஒரு சம்பவம் சொல்லுவாங்க.

ஆஃபர் எழுத்துல போகட்டும், நிபந்தனையோட. குற்றப் பின்னணி விசாரணையெல்லாம் அதுக்கு அப்புறம்தான், 2018லேருந்து இதான் சட்டம், ஏதாவது கெடச்சு ஆஃபர வாபஸ் வாங்கணும்னு நெனச்சாலும் காரணத்த எழுதிக் கொடுத்து பதில் சொல்ல 5 வேலை நாளாவது விடணும். வெளியேருந்து வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது ரெண்டு. ஒண்ணு, கான்ட்ராக்ட் முடிவு எடுக்கற வேலைங்கறதால சொத்து, பங்கு, பரிசு விவரம் எல்லாம் ஃபார்ம் 700ல எழுதிக் கொடுக்கணும், பொறுப்பேத்த 30 நாளைக்குள்ள, அது பொது ஆவணம், யாரு கேட்டாலும் கொடுப்போம். இன்னொண்ணு, வேலைக்குச் சேரும்போது உறுதிமொழி எடுக்கணும், இங்க சிட்டி ஊழியருங்க எல்லாரும் சட்டப்படி பேரிடர் பணியாளருங்க, பூகம்பமோ காட்டுத்தீயோ வந்தா பில்லிங் மேனேஜரும் ஷெல்டர்ல வந்து நிக்க வேண்டியிருக்கும். மொத நாள் காலைல இதக் கேட்டு முகம் மாறினவங்கள நான் பாத்திருக்கேன், ஆஃபர் பேசறப்பவே சொல்லிட்டா மரியாதையா இருக்கும்.

கெடைக்காதவங்களுக்கு, குறிப்பா உள்ள இருக்கறவங்களுக்கு, டைரக்டரே நேர்ல சொல்லணும், அறிவிப்பு இமெயில் போறதுக்கு முன்னாடி. அவங்க நாளைக்கும் அதே கவுன்ட்டருக்கு வரப் போறாங்க, புது மேனேஜருக்கு வேலை சொல்லித் தரப் போறதும் அவங்கதான். எங்க மார்க் குறஞ்சதுன்னு தெளிவா சொல்லி, அடுத்த தடவைக்கு என்ன பயிற்சி கொடுப்போம்னும் சொல்லுங்க, சொன்னதக் கொடுங்க.

மார்க் ஷீட், கேள்வித் தாள், குறிப்பு எல்லாத்தையும் ஹெச்ஆர்கிட்ட கொடுத்துடுங்க, இங்க 4 வருஷம் வச்சிருக்கணும். புது மேனேஜர் வந்த மொத வாரம் மீட்டிங் எதுவும் போடாதீங்க. கவுன்ட்டருக்குப் பின்னாடி அதே சேர போட்டு உக்கார வைங்க, அந்த ஒரு பக்கத்தையும் கைல கொடுத்துடுங்க. எங்க புது மேனேஜர் ரெண்டாவது நாளே அந்த மஞ்சள் பேப்பர போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, "இது யாரு சொல்லிக் கொடுத்தாங்க, அவங்க நம்பர் இருக்கா?"ன்னு கேட்டாங்க.